வரி 42,000 ரூபா. தண்டமோ இரண்டு இலட்சம்!

வரி கொடுக்க மாட்டோம் என்று இந்நாட்டின் ஏழைத் தொழிலாளி எவனும் இதுவரை கொடி பிடித்ததில்லை. அவன் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறான். கடையில் வாங்கும் சவர்க்காரக் கட்டியிலும், மகன் படிப்புக்கென்று கைத்தொலைபேசிக்கு இடும் பணத்திலும், 2024ஆம் ஆண்டு ஜனவரி முதல் நூற்றுக்கு 18 வீதம் பெறுமதி சேர் வரி அவன் கையை விட்டுப் போகிறது. அதற்குப் பதிவில்லை; படிவமில்லை; நன்றி சொல்வாருமில்லை. இப்போது அரசாங்கம் அவனுடைய பெயரையும் கேட்கிறது. "நீ யார்? உன் தொழில் என்ன? ஆண்டொன்றுக்கு எவ்வளவு உழைக்கிறாய்? உன் இலக்கம் எங்கே?" என்று கேட்கிறது. கேட்பதில் தவறில்லை. ஆனால், கேள்வி காதில் விழச் சற்றுத் தாமதித்தவனுக்குச் சட்டம் வைத்திருக்கும் தண்டனை யாதென்பதை எம்மவருள் எத்தனைபேர் அறிவர்?

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணிகள், கணக்காளர் போன்றோர் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் கட்டாயம் பதிந்துகொள்ள வேண்டுமென்று விதி பிறந்தது. அடுத்த ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி முதல் பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் பதிய வேண்டுமென்றாயிற்று. பதியாதார்க்கு 50,000 ரூபா வரை தண்டம் என்று மந்திரிமார் முழங்கினர். நாடு கலங்கியது. வருமானமே இல்லாத கிழவிகளும் தேசிய அடையாள அட்டையைக் கையிற் பிடித்தபடி பிரதேச செயலகத்துக்கு வழி கேட்டனர். பின்னர், பதிவு வேறு, வரி வேறு. பதிந்தவரெல்லாம் வரி கட்ட வேண்டுவதில்லை என்று விளக்கம் வந்தது. கலக்கம் அடங்கியது. அடங்கியதோடு பலர் பதிவையும் மறந்துவிட்டனர். பதியத் தேவையில்லாதவர் ஓடிப்போய்ப் பதிந்தார். பதிந்தேயாக வேண்டியவரோ, "இது எல்லோருக்கும் பொதுவான சத்தம், தானாக அடங்கும்" என்று வீட்டிலிருந்துவிட்டார். நாம் இன்று எழுதுவது இந்த இரண்டாமவரைப் பற்றியே.

மாதச் சம்பளக்காரருக்கு இந்தத் தொல்லையில்லை. அவருடைய வரியை முதலாளியே கழித்துத் திணைக்களத்துக்கு அனுப்பிவிடுகிறார். சுயதொழில் செய்பவனுக்கு முதலாளியுமில்லை, கணக்கெழுத ஆளுமில்லை. தச்சன், மேசன், தையற்காரர், வாகனத் திருத்தகம் நடத்துபவர், தனியார் கல்வி நிலையங்களில் பாடஞ்சொல்லும் ஆசிரியர், மண்டபங்களுக்கு அலங்காரம் செய்யும் இளைஞர், வீட்டிலிருந்தபடியே கணினியில் வெளிநாட்டாருக்கு வேலை செய்து கொடுக்கும் பெண்: இவர்களெல்லாம் தாமே முதலாளி, தாமே தொழிலாளி, தாமே கணக்கப்பிள்ளை. வரிக்கு உரியவராகிவிட்டோம் என்பதையும் தாமே கண்டுபிடித்துத் தாமே போய்ச் சொல்ல வேண்டும்.

கண்டுபிடிப்பது எளிதாவெனில், அதுவுமில்லை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2018 ஏப்ரல் மாதம் நடைமுறைக்கு வந்தபோது ஆளொருவருக்குரிய வரிவிலக்கு ஆண்டுக்கு 500,000 ரூபா. 2020 ஜனவரியில் அது ஒரே தாவலில் 3,000,000 ரூபாவாயிற்று. சுயதொழிலாளர் பெரும்பாலார் ஓரிரவில் வரிக்கு வெளியே வந்தனர். வெளியே வந்தவன் திரும்பிப் பார்ப்பானா? பின்னர் நாடு வங்குரோத்தாகி, 2023 ஜனவரி முதல் விலக்கு 1,200,000 ரூபாவாகச் சுருங்கிற்று. அதற்கான திருத்தச் சட்டம் 2022 டிசம்பரில் நிறைவேறியது. சில நாட்களில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. 2025 ஏப்ரல் முதல் விலக்கு 1,800,000 ரூபா. ஏழாண்டுக்குள் நான்கு அளவுகோல்கள்! கொழும்பிலே பட்டயக் கணக்காளரை வைத்திருக்கும் கம்பனிகளே தடுமாறிய காலத்தில், உடுப்பிட்டியிலோ ஓட்டமாவடியிலோ கதவு நிலை செய்துகொண்டிருந்த தச்சன் எந்த அளவுகோல் எந்தத் திகதியில் மாறியது என்று எங்ஙனம் அறிவான்?

அந்தத் தச்சனையே எடுத்துக்கொள்வோம். மரம், கூலி, மின்சாரம் எல்லாச் செலவும் போக மாதம் 150,000 ரூபா அவன் கையில் மிஞ்சிற்று என்போம். இன்றைய விலைவாசியில் இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது ஊதாரித்தனத்துக்குரிய தொகையன்று. 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையான மதிப்பீட்டாண்டில் அவனுடைய வருமானம் 1,800,000 ரூபா. விலக்குப் போக எஞ்சுவது 600,000. முதல் ஐந்து இலட்சத்துக்கு 6 வீதம், அஃதாவது 30,000. அடுத்த ஓர் இலட்சத்துக்கு 12 வீதம், 12,000. ஆக, அவன் அரசாங்கத்துக்குக் கொடுக்கவேண்டியிருந்தது 42,000 ரூபா. காலத்திற் சொல்லியிருந்தால் மனம் நொந்தாவது கட்டியிருப்பான்.

அவன் சொல்லவில்லை. அந்த ஆண்டின் இறுதி வரிப்பணம் 2024 செப்டெம்பர் 30இல் கட்டியிருக்கவேண்டும். விபரத்திரட்டு நவம்பர் 30இல் கொடுத்திருக்கவேண்டும். ஓராண்டு கழித்து, 2025 நவம்பர் முடிவில், எவரோ சொல்லக்கேட்டுத் தானாகவே போய்ப் பதிகிறான் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போடுங்கள். விபரத்திரட்டுத் தாமதத்துக்கு முதலில் 50,000 ரூபா. அதன்மேல் மாதமொன்றுக்கு 10,000 வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 120,000. பணம் கட்டப் பிந்தியதற்கு வரியில் 20 வீதம், 8,400. மாதத்துக்கு ஒன்றரை வீத வட்டி, வட்டிக்கு வட்டியாக, ஒன்பதினாயிரத்துக்குக் குறையாது. பதியத் தவறியதற்குத் தண்டம் 50,000 வரை போகலாம். முழுவதும் விதிக்கப்பட்டால் 237,400 ரூபா! வரியோ 42,000. வரியின் ஐந்து மடங்குக்கு மேலாகத் தண்டம். தவணை தவணையாகக் கட்டியிருக்க வேண்டிய பணத்துக்கான தண்டங்களை நாம் இக்கணக்கிற் சேர்க்கவுமில்லை.

இன்னுமொரு வேடிக்கை கேளுங்கள். அதே தச்சன், அதே வருமானம், 2025 ஏப்ரல் முதல் தொடங்கும் ஆண்டில் ஒரு சதமும் வரி கட்ட வேண்டுவதில்லை. விலக்கு 1,800,000 ஆகிவிட்டதன்றோ? இன்றைய சட்டம் எவனை ஏழையென்று ஒப்புக்கொண்டு விட்டுவிடுகிறதோ, அவனையே நேற்றைய ஆண்டுக்காக இரண்டேகால் இலட்சத்துக்கு மேல் கட்டு என்று பிடிக்கவும் அதே சட்டத்தில் இடமிருக்கிறது.

ஐம்பதினாயிரமும் பத்தாயிரமும் எங்கிருந்து வந்தன? சட்டத்தின் 178ஆம் பிரிவிலிருந்து. விபரத்திரட்டைப் பிந்திக் கொடுப்பவருக்கு, செலுத்தவேண்டிய வரியில் 5 வீதமும் மாதத்துக்கு ஒரு வீதமும் அல்லது 50,000 ரூபாவும் மாதத்துக்குப் பத்தாயிரமும், இவ்விரண்டில் எது பெரிதோ அது தண்டம். மொத்தம் 400,000 ரூபாவுக்கு மேற்படலாகாது. பார்வைக்கு இது நியாயமான ஏற்பாடு போலத் தோன்றும். உள்ளே புகுந்து பாருங்கள். ஒரு கோடி ரூபா வரி கட்டவேண்டிய பெருவணிகர் விபரத்திரட்டைப் பிந்திக் கொடுத்தால், 5 வீதமே ஐந்து இலட்சமாகிறது. ஆயினும் உச்சவரம்பு நான்கு இலட்சத்தில் அவரைக் காப்பாற்றிவிடுகிறது. அவர் எத்தனை மாதம் பிந்தினாலும் அத்தண்டம் அவருடைய வரியில் நூற்றுக்கு 4 தான். நம் தச்சன் 35 மாதம் பிந்தினால் அவனும் அதே நான்கு இலட்சத்தைத் தொடுகிறான். அவனுக்கு அது வரியின் ஒன்பது மடங்குக்கு மேல்! பெருமாளுக்கு ஒரு நீதி, பெட்டிக்கடைக்கு ஒரு நீதி என்று சட்டத்தில் எழுதப்படவில்லை. ஒரே நீதிதான் எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஒரே நீதிதான் சிறியவனை நசுக்குகிறது.

இதைவிடக் கொடிது வேறொன்று. காலந் தவறாமல் பதிந்து, காலந் தவறாமல் விபரத்திரட்டும் கொடுத்து, ஆனால் வருமானத்தை மறைத்துப் பொய்க்கணக்கு எழுதியவனுக்கு என்ன? குறைத்துக் கட்டிய வரியில் 25 வீதம். மிகுதியாய்ப் போனால் 75 வீதம். 42,000 ரூபாவை ஒளித்தவனுக்கு அந்தத் தண்டம் உச்சமாக 31,500 ரூபா. குற்றவியல் வழக்குத் தொடரலாம் என்பது உண்மை. தொடர்ந்த கதைகள் எத்தனை என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கட்டும். அறிந்து பொய் சொன்னவனுக்கு முப்பத்தோராயிரம். அறியாது பிந்தி வந்து உண்மை சொன்னவனுக்கு இரண்டு இலட்சத்துக்கு மேல். இதனைப் படித்த தொழிலாளி என்ன முடிவுக்கு வருவான்? பிந்திவிட்டோம், இனி வாயைத் திறக்காமலிருப்பதே புத்தி என்ற முடிவுக்குத்தான் வருவான். வரித் திணைக்களம் தன் வலையைத் தானே அறுத்துக்கொள்கிறது.

தாமதம் பெருங்குற்றமென்றால் அந்தக் குற்றத்தைச் செய்தவர் பட்டியலில் முதலிடம் யாருக்கு? 2020 ஜனவரியிலிருந்து வழங்கப்பட்ட வரிச்சலுகைகளுக்கான திருத்தச் சட்டம் 2021 மே மாதத்திலேதான் வந்தது. பதினாறு மாத காலம் சட்டமின்றி, சுற்றறிக்கையைக் கொண்டு நாட்டின் வரிமுறை நடந்தது. அந்தத் தாமதத்துக்கு மாதம் பத்தாயிரம் வீதம் கட்டியவர் எவருமிலர். அந்தச் சலுகைகளும் சேர்ந்தே நாட்டைக் குழியில் தள்ளின. 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதிகள் இருவரும் வேறு பொறுப்பாளரும் மக்களின் நம்பிக்கையை மீறிப் பொருளாதார நெருக்கடிக்குக் காரணராயினர் என்று தீர்ப்பளித்தது. வழக்காடியோர் ஒவ்வொருவருக்கும் வழக்குச் செலவு 150,000 ரூபா என்றும் சொல்லிற்று. ஒரு நாட்டின் கருவூலம் வெறுமையானதற்கு ஒன்றரை இலட்சம். ஒரு தச்சன் ஓராண்டு பிந்தியதற்கு இரண்டேகால் இலட்சத்துக்கு மேல்! நீதிமன்றத்தை நாம் குறைகூறவில்லை. கணக்கைத்தான் எடுத்துக்காட்டுகிறோம்.

மொழியின் கதைக்கு வருவோம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியெனச் சொல்லிற்று. நன்று. ஆனால், இந்நாட்டுச் சட்டங்களின் கடைசிப் பிரிவை வாசித்திருக்கிறீர்களா? சிங்கள வாசகத்துக்கும் தமிழ் வாசகத்துக்கும் முரண்பாடு நேரின் சிங்கள வாசகமே செல்லும் என்றிருக்கும். இறைவரிச் சட்டமும் அதற்கு விலக்கன்று. தமிழில் வாசித்து, தமிழில் விளங்கி, அதன்படி நடந்தவன் பிழைத்துப்போனால், பிழை அவனதே! தண்டம் மட்டும் மூன்று மொழியிலும் ஒரே தொகை. ஆகவே தமிழ்பேசும் சுயதொழிலாளிக்கு அறியாமை ஒரு சாக்கன்று என்று சொல்பவர், அறியச்செய்யும் கடமை யாருடையது என்பதற்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்.

இடையில் ஒரு பழங்கதை. இத்தீவில் வருமான வரிக் கட்டளைச் சட்டம் வந்தது 1932ஆம் ஆண்டில். அப்போது அரசாங்க சபையிலே வடக்கின் நான்கு ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. முந்திய ஆண்டுத் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்திருந்தது. பகிஷ்காரத்தின் நியாய அநியாயத்தை இங்கே கிளற வேண்டுவதில்லை. ஆனால் நாம் சபையில் இல்லாத காலத்திலும் வரி நம்மை மறந்துவிடவில்லை. இன்று ஆசனங்களில் ஆளிருக்கிறது. வரிச் சட்டத்தின் விவாதம் வரும் நாளில் அந்த ஆட்கள் எங்கேயிருக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

பழியை முழுவதும் கொழும்பின்மேற் போட்டுவிட்டு நாம் கைகழுவலாகாது. "கிடக்கட்டும், பார்ப்போம்" என்பது நம்மவர் வாயில் ஊறிய சொல். திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தால் பிரிக்காமலே சாமிப்படத்தின் பின்னால் செருகிவைக்கும் வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். பற்றுச்சீட்டு எழுதுவதை அவமானமாக நினைக்கும் வியாபாரிகளும் உளர். கணக்கில்லாதவனுக்குச் செலவுமில்லை என்பது வரிக்கந்தோரின் இலக்கணம். மரம் வாங்கிய சீட்டு இல்லையேல் அந்த மரத்தின் விலையும் வருமானமாகவே எண்ணப்படலாம்.

வெளிநாட்டுக் காசின் கதை இதனினும் நுட்பமானது. மதிப்பீட்டாளர் முதலிற் பார்ப்பது உங்கள் பற்றுச்சீட்டையன்று. உங்கள் வீட்டின் மேல்மாடியை. ஆண்டுக்குப் பன்னிரண்டு இலட்சத்துக்குள் உழைத்தவன் எண்பது இலட்சத்துக்கு வீடு கட்டினால் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார். "கனடாவில் அண்ணன் அனுப்பினார்" என்பது உண்மையாக இருக்கலாம். உடன்பிறந்தான் அன்போடு அனுப்பிய பணம் உங்கள் தொழில் வருமானமன்று என்பதும் உண்மை. ஆனால் அது வங்கி வழியாக வந்திருந்தால் வங்கி சாட்சி சொல்லும். உண்டியலில் வந்திருந்தால் யார் சாட்சி? காலத்தோடு பதிந்து ஆண்டுதோறும் சொத்தையும் வரவையும் எழுதிக் கொடுத்து வந்தவனுக்குச் சொல்ல ஒரு வரலாறிருக்கும். பிந்திப் போனவன் பத்தாண்டு வாழ்க்கையை ஒருநாளில் விளக்கவேண்டியிருக்கும். தாமதத்தின் உண்மையான விலை இங்கேதான் இருக்கிறது என்பது எமது கருத்து. தண்டத்துக்காவது உச்சவரம்புண்டு. சந்தேகத்துக்கு வரம்பேது?

பதியாததால் தன் சொந்தப் பணத்தை இழந்தவரும் உளர். கல்வி நிலையமொன்றில் மாதம் 120,000 ரூபா பெற்ற ஆசிரியர் ஒருவரை நினையுங்கள். 2023 ஜனவரி முதல், மாதம் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட இத்தகைய கொடுப்பனவுகளில் 5 வீதம் பிடித்துவைக்கப்பட்டது. மாதம் 6,000, ஆண்டுக்கு 72,000. அவருக்கு வேறு வருமானமில்லையெனில் 2023 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டுக்கு அவர் செலுத்தவேண்டிய வரி 14,400 மட்டுமே. மீதி 57,600 ரூபா அவருடையது. ஆனால் அவருக்கு இலக்கமுமில்லை, விபரத்திரட்டுமில்லை. ஆகவே அது அரசாங்கத்தின் பெட்டியிலேயே கிடக்கிறது. வரிக்கந்தோரென்றாலே கொடுக்கும் இடமென்று மட்டும் எண்ணியதால் நேர்ந்த நட்டம் இது. திருப்பிக் கேட்கும் இடமும் அதுவே.

தளர்வு கேட்டு விண்ணப்பிக்கலாமே என்பார் சிலர். விண்ணப்பிக்கட்டும். ஆனால், கருணைமனு எழுதத் தரகருக்குக் காசு, கந்தோருக்குப் போய்வர இரண்டுநாட் கூலி, கூடவே யாரையாவது பிடிக்கவேண்டுமென்ற மனவருத்தம்: இவையெல்லாம் வேண்டியிருக்கும் இடத்தில் தளர்வு செல்வாக்குள்ளவனுக்கே கிடைக்கும். நாம் கேட்பது கருணையையன்று. எவரும் தேடிவருமுன் தானாகவே வந்து பதிபவனுக்குப் பதிவுத் தண்டம் இல்லையென்று சட்டத்திலேயே எழுதுங்கள். விபரத்திரட்டுத் தண்டம் எக்காரணத்தாலும் அவனுடைய வரியின் ஒரு பங்குக்கு மேற்படாதென்று எழுதுங்கள். பிரித்தானியாவில் இதற்கு வழியிருக்கிறது: வேண்டுமென்றே மறைக்காமல் பிந்தியவன், வரி செலுத்தவேண்டிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் தானாக வந்து சொன்னால், அறிவிக்கத் தவறியதற்கான தண்டத்தைச் சுழியமாகவே குறைக்க அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. பிந்தினாலும் தண்டம் வரியின் வீதமாகவே கணக்கிடப்படுகிறது. அள்ளித்தெளித்த ஒரே தொகையாக அன்று. லண்டனில் கடை வைத்திருக்கும் தமிழனுக்குக் கிடைக்கும் இந்த நீதி, வவுனியாவில் கடை வைத்திருக்கும் அவன் தம்பிக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

இத்தனையும் எழுதிய பின்னர், இன்னும் பதியாமலிருக்கும் வாசகருக்கு ஒன்று சொல்வோம். சட்டம் திருந்தும்வரை காத்திருக்க வேண்டாம். 178ஆம் பிரிவு மாதக்கணக்கில் ஏறுவது. இன்று போனால் பத்தாயிரம் மிச்சம். போகுமுன் வங்கிப் புத்தகத்தையும் கிடைத்த சீட்டுக்களையும் ஆண்டுவாரியாகக் கட்டிவையுங்கள். எந்தெந்த ஆண்டில் உங்கள் வருமானம் அந்தந்த ஆண்டின் விலக்கைத் தாண்டிற்று என்று முதலில் நீங்களே எழுதிப் பாருங்கள். ஓராண்டுதான் தாண்டியிருக்கலாம், ஓராண்டும் தாண்டாமலும் இருக்கலாம். எழுதிக் கொடுப்பதைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். பதிலையும் தமிழில் கேளுங்கள்.

தமிழ்ப் பிரதிநிதிகளுக்கும் ஒரு வேலையிருக்கிறது. அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் நிதியமைச்சுக்கான நாளன்று ஒருவராவது எழுந்து இந்தக் கேள்விகளைக் கேட்கட்டும்: 178ஆம் பிரிவின்கீழ் இதுவரை விதிக்கப்பட்ட தண்டங்களில், வரித் தொகையை விடப் பெரிதாயிருந்தவை எத்தனை? அவற்றில் வடக்கு, கிழக்கு, மலையகத்தைச் சேர்ந்தவை எத்தனை? தளர்வு பெற்றவர் எத்தனைபேர், அவர்கள் யாவர்? விடையை அச்சிட இப்பத்திரிகையின் முதற்பக்கத்தில் இடம் ஒதுக்கி வைப்போம்.